அத்தையையும் கைப்புள்ளையையும் கூட்டிட்டு ஒரு நாள்: அம்பை (அம்பாசமுத்திரம்), பாபநாசம் பக்கம் எங்க போலாம்?

பேட்டை மருமக

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு கோயம்புத்தூர்ல இருந்து திருநெல்வேலி வாரோம், இந்த தடவ ரெண்டு நாத்தனார் குடும்பமும் சேந்து வருது, மொத்தம் பதிமூணு பேரு. எங்க அத்தைக்கு 74 வயசு, முட்டி தேஞ்சு போச்சு, பத்து படிக்கு மேல ஏறி இறங்க முடியாது. கடைசிப் புள்ளைக்கு ரெண்டே வயசு, நடுவுல நாலு வாண்டுங்க, அதுங்களுக்கு தண்ணி கண்டா போதும். மரத்தடியில ஜமுக்காளத்த விரிச்சு கட்டுச்சோறு சாப்பிட்டு பொழுதடைய வீட்டுக்கு திரும்பணும், அவ்வளவுதான் ஆசை.

யாரக் கேட்டாலும் குற்றாலம்னு சொல்லுதாங்க. போன வருஷம் அங்கதான் போனோம். கூட்டத்துல அத்தைய எறக்க முடியாம கார்லயே உக்கார வச்சுட்டு நாங்க மட்டும் குளிச்சுட்டு வந்தோம். வந்து பாத்தா கண்ணாடிய பாதி இறக்கி விட்டுட்டு எங்க எல்லாரு செருப்பையும் கால்மாட்டுல ஜோடி ஜோடியா அடுக்கி வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. இந்த தடவ அவங்களும் தண்ணியில கால் நனைக்கணும். அப்படி ஒரு இடம் சொல்லுங்க.

அம்பை அண்ணாச்சி

தங்கச்சி, அகஸ்தியர் அருவிக்கு போங்க. குற்றாலம் வத்திக் கெடக்குற மாசத்துலயும் அங்க தண்ணி விழும். பாபநாசம் தாண்டி மேல ஏறும்போது வனத்துறை செக்போஸ்ட் வரும், அதுக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல அறிவிச்சது, தமிழ்நாட்டுக்கே முதல் புலிகள் காப்பகம் அதுதான். பையத் தொறந்து பாப்பாங்க. பிளாஸ்டிக் கவர், சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பாட்டில் எதையும் விட மாட்டாங்க, அது நல்லதுக்குத்தான், அதனாலதான் அந்த இடம் இன்னும் அழகா இருக்கு. சோத்த எவர்சில்வர் தூக்குல கொண்டு போங்க. பொதிகையில இருந்து இறங்கி வர தண்ணி, தலையில விழுந்தா ஒரு வருஷத்து அசதி போயிரும்.

வேன்காரன் நெல்லை

அண்ணாச்சி சொன்னது உண்மைதான், ஆனா 74 வயசு அம்மாவுக்கு அது சரிப்படாது. நான் பதினஞ்சு வருஷமா டூரிஸ்ட் வேன் ஓட்டுதேன், அந்த ரூட்ல எத்தன தடவ போயிருப்பேன்னு கணக்கே இல்ல. வண்டி நிறுத்துற இடத்துல இருந்து நடக்கணும், படி இருக்கு, ஈரமா இருக்கும். குரங்கு வேற. கைப்புள்ள கையில பிஸ்கட் பாக்கெட் இருந்தா புடுங்கிட்டு போயிரும், புள்ள பயந்து அழுதுச்சுன்னா அதோட அந்த நாள் முடிஞ்சுது.

இன்னொன்னு தங்கச்சி, கரிநாள் அன்னைக்கு மட்டும் கிளம்பாதீய. பொங்கலுக்கு மறுநாள் திருநெல்வேலி, தென்காசி ஜில்லா மொத்தமும் கட்டுச்சோத்த தூக்கிட்டு பாபநாசம், மணிமுத்தாறுக்குத்தான் வரும், செக்போஸ்ட்லயே வெயில் ஏறிரும். ரெண்டு நாள் தள்ளிப் போங்க.

செங்கோட்டைப் பேரன்

குற்றாலத்த அப்படி ஒதுக்காதீங்க அக்கா, எங்க ஊரு பக்கம் நல்ல இடம் நெறைய இருக்கு. குண்டாறு அணை பாருங்க, மொத்த உயரமே 36 அடிதான், சின்ன அணை, மூணு பக்கமும் மலை, அங்க போனா ஊர் சத்தமே காதுல விழாது. பண்பொழி திருமலைக்கோயிலுக்கு 600 படிக்கு மேல இருந்தாலும் இப்ப வண்டி மேல வரைக்கும் போகுது, அத்தைய மேலயே கொண்டு போய் இறக்கலாம், அங்க நின்னு கீழ பாத்தா வயலும் தென்னந்தோப்பும் குளமும் பாய் விரிச்ச மாதிரி இருக்கும். வரும்போது பிரானூர் பார்டர்ல பரோட்டா.

வேன்காரன் நெல்லை

தம்பி நீ சொல்லுறது சீசனுக்கு சரி. ஜூன் பாதியில சாரல் அடிக்க ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் தென்காசிப் பக்கத்த அடிச்சுக்க ஆளில்ல. தை மாசம் பகல்ல வெயிலு காயும், அருவியில தண்ணி இருக்கும்னு நம்பிப் போக முடியாது. அந்த நேரத்துல தாமிரபரணிக் கரைதான் எனக்கு சரின்னு படுது. வடகிழக்கு மழை முடிஞ்சு ஆறு தெளிஞ்சு ஓடும், ரெண்டு கரையும் பச்சையா நெல்லு நிக்கும்.

ரெண்டு புள்ளைக்காரி

நான் ஒரு விஷயம் சொல்லணும், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. அருவி, ஆறுன்னு புள்ளைங்கள கூட்டிட்டு போறவங்க மேல மழை பெய்யுதான்னு கேட்டுட்டு போங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். கீழ நிக்கிறவங்களுக்கு வெயிலடிக்கும், மலையில எங்கயோ கொட்டிருக்கும், அது இறங்கி வர கொஞ்ச நேரந்தான் ஆகும். எங்க அப்பா எங்களுக்கு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது இதுதான்: தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கலா செவப்பா மாறுச்சுன்னா, சருகும் குச்சியும் மிதந்து வந்துச்சுன்னா, சத்தம் கூடுனுச்சுன்னா, துணிமணி செருப்ப பாக்காம புள்ளைய தூக்கிட்டு கரைக்கு ஏறிரணும். வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கக் கூடாது.

ஆத்துலயும் அதேதான். தாமிரபரணி பாக்க சாதுவா இருக்கும், ஆனா கணுக்கால் அளவு தண்ணிக்கு பக்கத்துலயே ஆள் முங்குற கசம் கெடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் நாங்க சின்னதுல குளிச்ச இடமே எனக்கு அடையாளம் தெரியல, மணல் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் பள்ளமாயிருக்கு. பழைய ஞாபகத்த நம்பி இறங்காதீங்க, அந்தந்த ஊர்க்காரங்க குளிக்கிற துறையில மட்டும் இறங்குங்க.

பேட்டை மருமக

அக்கா ரொம்ப நன்றி, இத அப்படியே எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். எங்க சின்னக் கொழுந்தன் நல்லா நீந்துவான், அவன் இருக்கான்ற தைரியத்துல தான் எல்லாரும் இருந்தாங்க.

ரெண்டு புள்ளைக்காரி

ஒருத்தன் நீந்துனா போதாதும்மா. அஞ்சு புள்ளைக்கு அஞ்சு பெரியவங்கன்னு முன்னாடியே பிரிச்சுருங்க, யாரு யாரப் பாக்கணும்னு பேரச் சொல்லி. எல்லாரும் பாத்துக்கிடுவாங்கன்னு விட்டா கடைசியில யாரும் பாக்க மாட்டாங்க.

மருதமரத்து நிழல்

இவ்வளவு நேரம் யாராவது சொல்லுவாங்கன்னு பாத்தேன். திருப்புடைமருதூர். வீரவநல்லூர் பக்கம், தாமிரபரணியோட கடனாநதி வந்து சேர்ற இடம். நான் பொறந்து வளந்தது அதுக்குப் பக்கத்து ஊர்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

அங்க கோயில்ல சாமி பேரு நாறும்பூநாதர், அம்பாள் கோமதி, தல மரம் மருதம். ஸ்ரீசைலம் தலைமருது, திருவிடைமருதூர் இடைமருது, எங்க ஊரு கடைமருதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. புள்ளைங்களுக்கு சொல்ல ஒரு கதையும் இருக்கு. கருவூர்ச் சித்தர் தரிசனத்துக்கு வரும்போது ஆத்துல வெள்ளம், அக்கரையில நின்னுக்கிட்டே நாறும்பூநாதான்னு கூப்பிட்டாராம், சாமி அது என்னன்னு கேக்க காத சாச்சாராம், அப்படி சாஞ்சவரு நிமிரவே இல்ல, இன்னைக்கும் லிங்கம் ஒரு பக்கமா சாஞ்சுதான் இருக்கும். சின்னப் புள்ளைங்க அதப் பாத்ததும் அதுங்களும் தலைய சாச்சுக்கிட்டு நிக்கும், நான் ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேன்.

ராஜகோபுரம் அஞ்சு நிலை. உள்ள செவுரு பூரா பழைய ஓவியம், மரத்துல செதுக்குன தூணு, போர்க்காட்சி, கப்பல்ல குதிர வந்து இறங்குறது எல்லாம் இருக்கும். அது ஏறுறது கஷ்டம், கோயில்ல கேட்டு அனுமதி இருந்தாதான் பாக்க முடியும், உங்க அத்தைக்கு வேண்டாம், பெரிய புள்ளைங்களுக்கு குடுத்து வச்சா பாக்கட்டும்.

ஆனா நான் இத சொல்ல வந்தது கோயிலுக்காக மட்டும் இல்ல. கரையில மருதமரம். ரெண்டு பேரு கை கோத்தாலும் அணைக்க முடியாத மரம், வேரு தரையில திண்ணை மாதிரி பொடச்சுக்கிட்டு நிக்கும், அதுல உக்காந்து இட்லி சாப்பிட்டா வேற எந்த ஹோட்டலும் வேண்டாம். தை மாசம் அந்த மரத்துல எல்லாம் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். 2005-லயே அத பறவைகள் காப்பிடமா அறிவிச்சுட்டாங்க, ஊர்க்காரங்க ஒத்துழைச்சு வந்தது அது. அதனால ஒரு கெஞ்சல், ஸ்பீக்கர் கொண்டு வராதீங்க, வெடி வேண்டவே வேண்டாம். மரத்துக்கு நேர் கீழ விரிப்பு போடாதீங்க, எச்சம் விழும், கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

கடை கண்ணி பெருசா கெடையாது. அதுதான் அந்த ஊரோட அழகு, அதுதான் கஷ்டமும். தண்ணி, பால், புள்ளைக்கு வேண்டியது எல்லாம் கையில இருக்கணும். பொம்பளைங்க கெளம்புற வழியில வீரவநல்லூர்லயோ சேரன்மகாதேவியிலயோ ஒரு நல்ல ஹோட்டல்ல நிறுத்தி பாத்ரூம் போயிட்டு வந்துருங்க.

அம்பை அண்ணாச்சி

அட, இது எனக்கு எப்படி மறந்துச்சு. எங்க அம்மாவ கடைசியா வெளிய கூட்டிட்டு போன இடம் அது. நான் என் அகஸ்தியர் அருவிய வாபஸ் வாங்கிக்கிடுதேன், நீங்க இங்கயே போங்க தங்கச்சி.

கூந்தங்குளத்து ரசிகை

பறவை பேச்சு வந்ததால ஒண்ணு சேத்துக்கிடுதேன். ஊருக்கு வாரவங்க இன்னொரு நாள் காலையில கூந்தங்குளம் போயிட்டு வாங்க, நாங்குநேரி பக்கம், 1994-ல சரணாலயமா ஆக்குனது. கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை எல்லாம் குளத்துல மட்டும் இல்ல, ஊருக்குள்ள வீட்டு முத்தத்து மரத்துலயே கூடு கட்டும். ஊர்க்காரங்க அத பொறந்த வீட்டுக்கு பிரசவத்துக்கு வந்த பொண்ணு மாதிரி பாத்துக்கிடுவாங்க, தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. குளிர் காலத்துல இமயமலைய தாண்டி வரித்தலை வாத்து வரும். மணிமுத்தாறு தண்ணி வந்து குளம் நெறஞ்ச வருஷம்னா கூட்டம் கூட்டமா பாக்கலாம், ஆனா எட்டு ஒம்போது மணிக்குள்ள பாத்துறணும். நிழல் கம்மி, அங்க உக்காந்து சாப்பிட தோதுப்படாது. உங்க அத்தை வண்டியில உக்காந்துக்கிட்டே பாக்கலாம், ரோட்டோரத்துல இருந்தே தெரியும்.

கல்லிடை ஆச்சி

எல்லாரும் எடத்தச் சொல்லிட்டீங்க, சோத்தப் பத்தி யாரும் பேசல. பதிமூணு பேருக்கு கட்டுச்சோறுன்னா முந்தின ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி வச்சுரணும். காலையில சோத்த வடிச்சு அகலமான தாம்பாளத்துல ஆறவிட்டு நல்லெண்ணெய் ஊத்திப் பெறட்டுனா பொலபொலன்னு நிக்கும், சுடச்சுட பெசஞ்சு தூக்குல அடைச்சா மத்தியானம் நொசநொசன்னு போயிரும். தயிர்சோத்துக்கு காலையில பாலு நெறைய ஊத்தி தயிரு ஒரு கரண்டி மட்டும் விடுங்க, மத்தியானம் தொறக்கும்போது சரியா உறைஞ்சிருக்கும், புளிக்காது. வாண்டுகளுக்கு மொளகாப்பொடி தடவுன இட்லி, வாழை இலைய வாட்டி அதுல மடிச்சு கட்டிருங்க. தொட்டுக்க கூழ்வத்தல், எங்க ஊரு அப்பளம் பொரிச்சு டின்ல போட்டு எடுத்துட்டு போங்க. கூட்டாஞ்சோறு வேண்டாம், வீட்டுல சாப்பிட நல்லாருக்கும், வெயில்ல கொண்டு போனா காயெல்லாம் சேந்து ஊசிப் போகும்.

ஆத்தங்கரையில அடுப்பு மூட்டாதீங்க கண்ணு. கல்லு கருகி, சாம்பலு தண்ணியில போயி, அடுத்து வாரவங்களுக்கு அந்த எடம் ஆகாது.

செங்கோட்டைப் பேரன்

ஆச்சி, வாழையிலைன்னு சொன்னீங்களே அதுக்கே ஒரு கும்புடு. போன மாசம் நண்பர்களோட ஆத்தங்கரையில ஒரு இடத்துக்கு போனோம், பேரு வேண்டாம். தெர்மாகோல் தட்டு, தண்ணி பாக்கெட்டு, உடஞ்ச பாட்டிலு. என் கூட வந்தவன் உள்ளங்கால்ல கண்ணாடி ஏறி மூணு தையல். அவன தூக்கிட்டு வண்டிக்கு ஓடும்போது வயித்தெரிச்சலா இருந்துச்சு.

மருதமரத்து நிழல்

பாபநாசம் படித்துறையிலயும் இதே வேதனதான் தம்பி. பொரி வாங்கிப் போட்டா மீனு கொத்து கொத்தா ஏறி வரும், புள்ளைங்களுக்கு அதவிட சந்தோஷம் இல்ல, ஆனா பரிகாரம்னு சொல்லி கட்டுன துணிய ஆத்துலயே அவுத்து விட்டுட்டு போயிருதாங்க, இறங்குனா கால்ல சுத்துது. எந்த சாமியும் ஆத்த அழுக்காக்கச் சொல்லல. இந்த ஆத்துத் தண்ணியத்தான் நாம குடிக்கிறோம், தூத்துக்குடிக்காரனும் குடிக்கான்.

ஒரு பழைய சாக்கு எடுத்துட்டு போங்க, நம்ம குப்பையும் அதுல, பக்கத்துல கெடக்குறதும் அதுல.

வேன்காரன் நெல்லை

தங்கச்சி, வழி சொல்லுதேன், எழுதிக்கோங்க. காலையில ஏழுக்குள்ள கெளம்பிருங்க. பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், அங்க இருந்து உள்ள திரும்பணும். காருகுறிச்சியில நம்ம மண்பாண்டக்காரங்க இருக்காவ, தயிருக்கு ஒரு சட்டி வாங்கிட்டுப் போங்க, ருசியே வேற. வண்டி பத்தலைன்னா செங்கோட்டை பாசஞ்சர் ரயில்ல பாதிப் பேரு வீரவநல்லூர் வரைக்கும் வரலாம், புள்ளைங்களுக்கு அதுவே ஒரு டூரு, அங்க இருந்து ஆட்டோ.

இத கண்டிப்பா செய்யுங்க: கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு வண்டியில போட்டுக்கோங்க. வயசானவங்கள கூட்டிட்டு போற டிரிப்புக்கு எல்லாம் நான் ஒண்ணு ஏத்திக்கிடுவேன். தரையில உக்காந்தா அவங்களுக்கு எந்திரிக்கிறதுக்கு ரெண்டு பேரு வேணும், அதுக்கு வெக்கப்பட்டே உக்காராம நின்னுக்கிட்டு இருப்பாவ.

பேட்டை மருமக

போயிட்டு வந்தோம்! கரிநாளு முடிஞ்சு ரெண்டாவது நாளு. வேன்கார அண்ணாச்சி சொன்ன மாதிரி ஏழு மணிக்கு கெளம்புனோம், எட்டரைக்கெல்லாம் அங்க. கோயிலுக்குள்ள என் மூத்தவன் லிங்கத்தப் பாத்து தலைய சாச்சுக்கிட்டு நின்னான், மருதமரத்து அண்ணன் எழுதுனது அப்படியே கண்ணு முன்னாடி நடந்துச்சு. குருக்களே சிரிச்சுட்டாரு. கோபுரத்துல ஏற முடியல, அன்னைக்கு தொறக்கல, அது மட்டும் பாக்கி.

படித்துறையில இறங்குறது அத்தைக்கு முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. அங்க துணி துவைச்சுக்கிட்டு இருந்த ஒரு அம்மாகிட்ட கேட்டேன், அவங்க கையில இருந்த துணிய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வந்து கொஞ்சம் தள்ளி மாடு இறங்குற சரிவக் காட்டுனாங்க, இதுல ஆழம் இல்ல, அந்தப் பாறைய தாண்டி மட்டும் விடாதீயன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு அத்தைய இறக்குனாங்க. நாற்காலிய தண்ணியிலயே போட்டோம், கணுக்கால் அளவு. முதல்ல ஒரு காலு மணல்ல எறங்கி சாஞ்சுச்சு, அடியில ஒரு தட்டக்கல்ல வச்சதும் நின்னுட்டு. அத்தை சேலைய ஒரு சாண் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துல சின்னச் சின்ன மீனு வந்து கால் வெரல கொத்துச்சு, அவங்க சத்தமா சிரிச்சாங்க. எங்க கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு வருஷத்துல அவங்க அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல. சாப்பிட கூப்பிட்டா வரல, நாற்காலியிலயே இலைய மடியில வச்சு புளிசோறு சாப்பிட்டாங்க. ஆச்சி, சோறு பொலபொலன்னு இருந்துச்சு!

புள்ளைங்கள ஆளுக்கு ஒருத்தரா பிரிச்சுட்டோம், ரெண்டு புள்ளைக்காரி அக்கா சொன்னது தான். ரெண்டு தடவ அந்தப் பாறைப் பக்கம் ஓடுனதுங்க, ரெண்டு தடவையும் கை புடிக்க ஆளு இருந்துச்சு. சாக்குல பாதி நம்ம குப்பை, பாதி அங்க கெடந்தது.

கெளம்பும்போது கரையில எங்க செருப்பெல்லாம் தாறுமாறா கெடந்துச்சு. அத்தை அடுக்கப் போனாங்க, என் மக ஓடிவந்து ஆச்சி நீங்க உக்காருங்கன்னு சொல்லிட்டு அவளே ஜோடி சேத்து வச்சா, அத்தை செருப்ப மட்டும் கையில எடுத்துட்டு வந்து கால்ல போட்டுவிட்டா.

அம்பை அண்ணாச்சி

படிச்சுட்டு கண்ணு கலங்கிட்டு தங்கச்சி. அந்த துணி துவைச்ச அம்மாவுக்கு ஒரு நன்றி சொன்னியளா?

பேட்டை மருமக

சொன்னேன் அண்ணாச்சி, புளிசோறும் அப்பளமும் இலையில மடிச்சுக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னாங்க, அத்தை சொன்னதும் வாங்கிக்கிட்டாங்க.

இப்ப நாத்தனாரு மே லீவுக்கு களக்காடு தலையணை தடுப்பணைக்கு போகணும்னு நிக்காங்க. அந்த மாசம் தண்ணி இருக்குமா, வண்டி நிக்கிற இடத்துல இருந்து எவ்வளவு நடக்கணும்? அத்தையும் வாராங்க, நாற்காலியும் வருது.

வேன்காரன் நெல்லை

அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு டிரிப்பு இருக்கு. நேர்ல நடந்து பாத்து, படிய எண்ணிட்டு வந்து சொல்லுதேன்.